மிதித்தால் நிற்காதே

எதிரணிப் பெண் இடப்பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தபோது எங்கள் பெண் சரியாகத்தான் நகர்ந்தாள். முழங்கால் மடங்கியிருந்தது. கைகள் விரிந்திருந்தன. கண் பந்தில் இல்லை, வருகிறவளின் இடுப்பில் இருந்தது. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. கடைசி அடியில் அவளுடைய ஷூ மற்றவளின் பாதத்தில் ஏறிவிட்டது. எங்கள் பெண் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டுக் கும்பிடக் கையை நீட்டினாள், ஆனால் மிதிபட்டவள் அதற்குள் வளையத்துக்குக் கீழே போய்விட்டாள். இவளும் பின்னாலேயே ஓடினாள். தடுக்கத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். பந்து வலைக்குள் விழுந்து தரையில் குதித்த பிறகு, அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மிஸ், கால் பட்டுடுச்சுங்க" என்றாள். வேறு விளக்கம் எதற்கு என்பதுபோல் இருந்தது முகம்.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நட்பாக ஆடிய முதல் ஆட்டம் அது. அந்தப் பெண் எட்டாவது படிக்கிறாள். அப்பா தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். அணியிலேயே குள்ளமானவள், வேகமானவள். பந்தை முன்னால் கொண்டுபோக அவளை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அன்று அவள் மட்டுமல்ல, ஐந்து பேருமே கால் பட்ட போதெல்லாம் நின்றார்கள். பந்து காலில் பட்டால் பந்தையும் தொட்டுக் கும்பிட்டார்கள். தோற்றோம்.

நான் கணக்கு டீச்சர். மாரண்டஹள்ளிக்கு வெளியே, தக்காளி மண்டியைத் தாண்டி இருக்கும் தனியார் பள்ளியில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் எடுக்கிறேன். கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடினேன் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். பி.டி. சார் கபடிப் பையன்களோடு பெண்களையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்று கைவிரித்தபோது அது கரஸ்பாண்டென்ட்டின் நினைவுக்கு வந்துவிட்டது.

"நீங்க ஆடினவங்கதானே மிஸ், பொண்ணுங்களப் பாத்துக்குங்க. ஜோனல் போட்டியில ஜெயிச்சா தொடர்ந்து நடத்துவோம். இல்லன்னா அந்த நேரத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சிடலாம்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். சரிங்க சார் என்று வந்துவிட்டது.

பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். என் மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. காலையிலிருந்து நான் வரும்வரை என் மாமியார்தான் வைத்துக்கொள்கிறார். நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, பால் கேனை எடுத்துக்கொண்டு அவர் சொசைட்டிக்குக் கிளம்புவார். ஊற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் திரும்பி வர இருட்டிவிடும். பகலெல்லாம் ஒரு குழந்தையிடமும் ஒரு மாட்டிடமும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர், சேர்ந்துபோன பேச்சையெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும் பெண்களிடம்தான் இறக்கி வைப்பார். வரும்போது முகமே வேறாக இருக்கும்.

அந்த நேரத்தைத்தான் நான் கேட்டேன்.

"அதுக்கென்ன? பாப்பாவ இடுப்புல வெச்சிக்கிட்டே போயி ஊத்திட்டு வர்றேன்" என்றார் அத்தை.

"வேண்டாங்கத்தை."

"ஏன்?"

சொசைட்டி மெயின் ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. ரோட்டுக்கும் அதன் படிக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கும் அளவுக்குத்தான் மண் இருக்கிறது. ஓசூர் போகும் லோடு வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் மண்டியிலிருந்து புறப்படும். என் மகள் அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். கையைப் பிடித்தால் உடம்பையே வழுக்கவிட்டு உருவிக்கொள்வாள். கேனை இறக்கி வைக்க ஒரு கை, பேச ஒரு வாய், மிச்சம் என்ன இருக்கும் பிள்ளையைப் பிடிக்க?

"வண்டிங்க அப்படி வருதுங்கத்தை."

"நான் ரெண்டு புள்ளைங்கள அந்த ரோட்டு மேலதான் வளத்தேன்."

"அப்ப இத்தினி வண்டி இல்லீங்களே."

அவர் எழுந்து போனார். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து சொன்னார்: "பக்கத்து வூட்டுக்காரிகிட்ட கேனக் குடுத்தனுப்பறேன். ஜோனலோ கீனலோ, அது முடியற வரைக்கும்தான். அப்புறம் எனக்கு என் நேரம் வேணும். சொல்லிட்டேன்."

தோற்றால் ஸ்பெஷல் கிளாஸ். ஜெயித்தால் வீட்டில் மறுபடியும் கேட்க வேண்டும், கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டதை. இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டு நாளையை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன். வகுப்பில் யாராவது இப்படிக் கணக்கைப் பாதியில் விட்டால் விடமாட்டேன்.

அந்தப் பெண்களுக்குத் தாக்குதல் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. பந்தை ஒருத்தியே வைத்துக்கொள்ளாதே, கொடு, கொடுத்துவிட்டு நிற்காதே, வளையத்தைப் பார்த்து வெட்டி ஓடு, உனக்கே திரும்பி வரும் என்றேன். பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் இருப்பதைப் பகிர்ந்து பழகிய கைகள். பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டார்களே தவிர, கொடுக்க யோசிக்கவே இல்லை.

தடுப்பாட்டம்தான் வரவில்லை. முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று நிறுத்தி, அவரவர் இடத்தைக் காத்துக்கொண்டு எல்லோரும் பந்தோடு சேர்ந்து நகர வேண்டும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். நகர்ந்தார்கள். ஆனால் எதிராளி வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். வழியில் நிற்காதே என்று பிறந்ததிலிருந்து கேட்டவர்களிடம் வழியில் நில் என்கிறேன். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது எதிராளியை முதுகால் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு முதுகு காட்டாதே என்று வளர்ந்தவர்கள் ஒன்பதாவது அக்காக்களுக்கு முதுகைக் காட்டக் கூசினார்கள். வாயைத் திறந்து சொல்லு, வலப்பக்கம் ஆள் வருகிறது என்று கத்து என்றால், குசுகுசு என்று சொன்னார்கள். வீட்டில் கன்னடம் பேசும் உயரமான ஒரு பெண் மட்டும் "இல்லி, இல்லி" என்று அடித்தொண்டையில் கத்துவாள். இங்கே, இங்கே என்று அர்த்தம். கொஞ்ச நாளில் மற்றவர்களும் அதையே கத்த ஆரம்பித்தார்கள். தமிழில் கத்தத்தான் வெட்கமாக இருந்திருக்கும்.

ஒவ்வொன்றாகப் போனது. தொட்டுக் கும்பிடுவது மட்டும் போகவில்லை. அது கையிலேயே இருந்தது. யோசிப்பதற்குள் நடந்துவிடும். கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். மிதித்தால் நிற்காதே. நின்று கும்பிட்டால் மைதானத்தை ஒரு சுற்று ஓடு.

"தப்பில்லீங்களா மிஸ்?" என்றாள் அந்த எட்டாவதுப் பெண்.

"ஆட்டத்துல தப்பில்லை."

"அந்தக்கா தப்பா நினைச்சிக்குவாங்களே."

"நினைக்க மாட்டாங்க. அவங்களும் உன்னை மிதிப்பாங்க."

ஓடினாள். முதல் வாரம் எல்லோரையும்விட அதிகம் ஓடியவள் அவள்தான். பிறகு அவளுடைய கை பாதி நீண்டு, தானாக மடங்கத் தொடங்கியது. அப்புறம் நீளவே இல்லை. என் பயிற்சி பலித்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு அவளுடைய அந்தக் கை போன இடம் எது என்று யோசனையாக இருந்தது.

வீட்டில் அதே வாரத்தில் அத்தை என் மகளுக்குத் தொட்டுக் கும்பிடக் கற்றுக்கொடுத்துவிட்டார். செய்தித்தாளை மிதித்தாலும், என்னை மிதித்தாலும், மாட்டுத்தொட்டியை மிதித்தாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்த்தோமா என்று திரும்பிப் பார்ப்பாள். அத்தை கைதட்டுவார். "என் சாமி, எவ்ளோ அறிவு பாரு." நானும் கைதட்டினேன். தட்டிய கையாலேயே மறுநாள் விசிலை எடுத்து, நின்று கும்பிட்ட ஒருத்தியை ஓடவிட்டேன்.

அப்போதுதான் எட்டாவதுப் பெண்ணின் அம்மா கேட்டில் என்னை நிறுத்தினார். கூடையில் காய் இருந்தது, சந்தைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்.

"மிஸ், கோச்சிக்காதீங்க. என்னாதான் சொல்லிக் குடுக்கறீங்க புள்ளைங்களுக்கு?"

"ஏங்க, என்னாச்சு?"

"நேத்து அவங்க அப்பா படுத்திருக்காரு. ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்த மனுசன். அவரு கால மிதிச்சிட்டு இவபாட்டுக்குப் போறா. ஏண்டி, மிதிச்சியே, தொட்டுக் கும்பிட மாட்டியான்னா, நிக்கக்கூடாதுன்னு மிஸ் சொன்னாங்கங்கறா."

எனக்கு முகம் சுட்டது. "கிரவுண்டுல மட்டும்தாங்க அது. வூட்டுல இல்ல. நான் சொல்றேன் அவகிட்ட."

"கிரவுண்டுல ஒரு காலு, வூட்டுல ஒரு காலாங்க இருக்குது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அவங்கப்பா வுடக்கூடாதுன்னுட்டாரு. நாந்தான் ஜோனல் முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். நல்லா வெளையாடறாளாங்க?"

"நல்லா விளையாடறா."

"அப்ப சரி" என்று கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போனார்.

அவர் வீட்டிலும் ஜோனல் வரைக்கும்தான் என்று கேட்டதும் எனக்கு ஏனோ கொஞ்சம் தெம்பாக இருந்தது. அப்படி இருந்திருக்கக்கூடாது. சட்டத்தை எடுத்துவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். எடுத்தால் தோற்போம். எடுக்காவிட்டால் ஊரில் பிள்ளைகளைக் கெடுத்த டீச்சர். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கட்டாயம் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று எல்லோரிடமும் கூடுதலாக ஒரு வரி சொன்னேன். அது யாருக்கும் உதவுகிற வரி இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

ஜோனல் பாலக்கோட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. சனிக்கிழமை. என் கணவருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட். பிள்ளையை வைத்துக்கொள்ள அத்தையும் கூட வந்தார். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு பையில் புளிசாதமும் பிள்ளைக்குத் துணியும் எடுத்துக்கொண்டு, புங்கமரத்தடியில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்தார். காலை ஆட்டங்களில் ஜெயித்து மதியம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் முந்தின நாளே அத்தையிடம் பேசி வைத்திருப்பேன்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க மரத்தடிக்குப் போனேன். அத்தை என்னை வினோதமாகப் பார்த்தார். "நீ இப்படிக் கத்துவியா? வூட்டுல கூப்பிட்டாகூடக் காதுல விழாது, இங்க பாலக்கோடே திரும்பிப் பாக்குது."

"கேட்கணுமேங்கத்தை."

"கேட்டுச்சு கேட்டுச்சு" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். தூக்கினால் இறக்க முடியாது என்று கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னால் அழுகை கேட்டது. விசில் அடித்தார்கள்.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து அவர்களிடம். அவர்களுடைய நல்ல ஆட்டக்காரி, நெட்டையான பெண், எங்கள் எட்டாவதுப் பெண்ணின் பக்கமாக வந்தாள். "இல்லி, இல்லி" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. உதவிக்கு ஆள் நகர்ந்தாயிற்று. நெட்டைப் பெண் பந்தைத் தர இடம் தேடித் தயங்கிய நொடியில் எங்கள் பெண் தட்டிப் பறித்தாள். பறித்த வேகத்தில் அவளுடைய காலை முழுப் பாரத்தோடு மிதித்தாள். நெட்டைப் பெண் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். நடுவரின் விசில் வரவில்லை.

எங்கள் பெண் பந்தோடு நின்றாள். விழுந்தவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போ!" என்று கத்தினேன்.

போனாள். பாதி மைதானம் தாண்டி, கூட ஓடிவந்த கன்னடக்காரப் பெண்ணுக்குப் பந்தைக் கொடுத்தாள், அவள் வளையத்தில் போட்டாள். எங்களைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மரத்தடியிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது, அத்தையுடையது. "அடியே, அந்தப் புள்ள வுழுந்து கெடக்குதே!"

விழுந்தவளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கணுக்கால் பிசகியிருந்தது. அவர்களுடைய டீச்சர் தோளில் தாங்கிக் கூட்டிப்போனார். மீதி நொடிகள் ஓடி முடிந்தன. ஜெயித்தோம். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கூட்டத்தில் எட்டாவதுப் பெண்ணைக் காணவில்லை. தேடினால், கேட் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"எங்கடி போன?"

"அந்தக்காவ வேன்ல ஏத்திட்டாங்க மிஸ். வேன் போயிடுச்சு." வலது கை விரல்களை இடது கையால் பிடித்திருந்தாள்.

"விடு. ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை மாதிரியே இல்லை. சரியாகத்தான் சொன்னேனா என்று இப்போதும் தெரியவில்லை. அவளைப் பறிக்கச் சொன்னது நான். போகச் சொன்னது நான். விசில் வராத இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்பது விதி. விதிக்கு வெளியே சொல்ல என்னிடம் ஏதும் இல்லை.

மாரண்டஹள்ளி பஸ்ஸில் பின்சீட்டில் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். கரஸ்பாண்டென்ட் போனில் வாழ்த்துச் சொன்னார். மாவட்டப் போட்டிக்குத் தயார் பண்ணுங்க மிஸ், நாளையிலிருந்தேகூட ஆரம்பிச்சிடலாம் என்றார். நாளை ஞாயிறு சார் என்றேன். ஓ ஆமாம் என்றார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் பிள்ளை தூங்கியிருந்தாள். போனை வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"ஜெயிச்சா இன்னும் இருக்குதுதானே?"

"இருக்குதுங்கத்தை. மாவட்டம்."

"எத்தினி நாளு?"

"ஒரு மாசம் இருக்கும். அதுலயும் ஜெயிச்சா..."

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. "முந்தாநேத்து ஒருத்தி வூட்டுக்கு வந்து கேக்கறா, ஏங்க்கா, சொசைட்டிப் பக்கமே காணோமே, ஒடம்பு சரியில்லையான்னு. ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுன்னேன். அப்புறம் எதுக்கு வர்றதில்லைன்னா. நான் என்னா சொல்றது?"

"நான் வேணும்னா கரஸ்பாண்டென்ட்கிட்ட..."

"உன்னை வுடச் சொல்லல நானு. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கற. பாத்தனே." பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினார். "நீ உன் வேலையப் பாரு. நான் பாப்பாவக் கூட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போவேன். திங்கக்கிழமையிலருந்து. ரெண்டும் வேணும்னா அப்படித்தான். இல்லன்னா நீ அஞ்சு மணிக்கு வூட்டுல இரு."

அவர் மிரட்டவில்லை. குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு நியாயமாகவே பட்டது. எனக்கு நேரத்தை அவர் கொடுத்தார். அவர் நேரத்தை நான் வைத்துக்கொண்டு, அவருக்கு ரோட்டையும் மூடி வைத்திருந்தேன். எதிரே ஒரு லோடு வண்டி பஸ்ஸை உரசுவதுபோல் போனது. கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை விழிக்கவில்லை.

"கையை விடாம பிடிச்சிக்குவீங்களா?" என்றேன்.

"இதென்ன கேள்வி?" என்றார்.

சரிங்கத்தை என்று சொன்னேன். ராத்திரி கணவரிடம் சொன்னபோது, "அம்மா பாத்துக்கும், நீ ஏன் எல்லாத்துக்கும் பயப்படறே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

எட்டாவதுப் பெண்ணின் அப்பா மாவட்டப் போட்டிக்கும் விட்டுவிட்டார். ஜெயித்த செய்தி மண்டி வரைக்கும் போயிருந்தது, அங்கே நாலு பேர் அவரிடம் விசாரித்தார்களாம். மாவட்டத்தில் நாங்கள் சந்திக்கப்போகும் தருமபுரி அணி மைதானம் முழுக்க நெருக்கி ஆடும் என்று கேள்விப்பட்டேன். பந்தோடு மூலைக்குப் போனால் இரண்டு பேர் வந்து சூழ்ந்துகொள்வார்கள். பின்னால் கோடு, பக்கத்தில் கோடு. திங்கட்கிழமை அதைத்தான் எடுத்தேன். மூலைக்குப் போகாதே. போய்விட்டால் பதறித் தூக்கிப் போடாதே. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுகாலைத் திருப்பு, பந்தை நெஞ்சோடு வை, உன் ஆள் ஓடிவரும்வரை தாங்கு.

பள்ளியிலிருந்து மெயின் ரோடு தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஐந்து மணிக்குப் பிறகு மண்டி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒவ்வொரு ஹாரனுக்கும் என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. இப்போது கேனை இறக்கி வைப்பார். இப்போது வரிசையில் நிற்பார். யாரோ ஏங்க்கா வந்துட்டீங்களா என்று கேட்பார்கள், அவர் சிரிப்பார். பிள்ளை எந்தக் கையில் இருக்கிறாள்? அத்தை போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். போன் செய்தாலும் அறைக்குள் மணி அடிக்கும்.

எங்கேயோ ஒரு வண்டி நீளமாகப் பிரேக் போட்டது. மூலையில் எட்டாவதுப் பெண் இரண்டு பேர் நடுவில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு ஓடிவர வேண்டியவள் பாதி வழியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அடுத்து என்ன சொல்வேன் என்று.

காத்திருந்தேன். ரோட்டிலிருந்து வேறு சத்தம் வரவில்லை. மறுபடியும் ஒரு ஹாரன், அவ்வளவுதான்.

"என்னை எதுக்குடி பாக்கறே? அவளைப் பாரு, ஓடு" என்று கத்தினேன். அவள் ஓடினாள். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து மறுபடியும் நிற்கச் சொன்னேன்.